அந்த 33 நிமிடங்கள்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' ஆல்பம் 2023 ஏப்ரல் 14 அன்று வந்தது. போன இதழில் அதைப் பற்றி நான்கே வரி எழுதி, ஏமாற்றம் என்று முடித்திருந்தேன். அந்த ஒரு சொல் பலருக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி வருத்தம். எனவே இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: ஆறரை வருடம் காத்திருந்து கேட்ட ஆல்பம். நீங்கள் நான்கு வரியில் தள்ளிவிட்டீர்கள். எங்கே குறை என்று இடத்தைக் காட்டிச் சொல்ல முடியுமா?

முடியும். நான்கு வரியில் முடித்தது என் தவறுதான். அதை எழுதும்போது ஆல்பத்தை இரண்டு முறைதான் கேட்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஹெட்ஃபோன் மாட்டி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நிறுத்தாமல் கேட்டேன். மனம் பாட்டை விட்டு விலகும்போதெல்லாம் நேரத்தைக் குறித்தேன். மறுநாள் முந்தின நாள் பக்கத்தைப் பார்க்காமல் இன்னொரு முறை அதையே செய்தேன். இரண்டு நாளும் குறித்த இடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின.

ஓர் உதாரணம், 'ஸ்லீப்வாக் மை லைஃப் அவே'. தொடக்கத்தில் டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்து நடைபோடும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு), தோள் தானாக அசைகிறது. ஆனால் நாலாவது நிமிடம் முடிவதற்குள் பாட்டு சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது. அதன் மொத்த நீளம் 6 நிமிடம் 56 வினாடி. மிச்சம் மூன்று நிமிடம் வந்த வழியிலேயே திரும்பி நடக்கிறது. 'சேஸிங் லைட்' 6 நிமிடம் 45 வினாடி, 'இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன்' 6 நிமிடம் 36 வினாடி. அவற்றிலும் இதே கதை. எந்தப் பாட்டையும் கெட்ட பாட்டு என்று சொல்ல மாட்டேன். பல பாட்டுகளில் முடிய வேண்டிய இடம் வந்துவிட்டது என்று கேட்கிற நமக்குத் தெரிகிறது, வாசிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. அதுதான் குறை.

மொத்தம் 12 பாட்டு, 77 நிமிடம் 10 வினாடி. இந்த 77 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

என் அண்ணன் அவர்களுடைய 1986 ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'-ஐ ஒரு 60 நிமிட வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். பக்கத்துக்கு 30 நிமிடம். முதல் பக்கத்தில் நான்கு பாட்டு, கிட்டத்தட்ட 27 நிமிடம். இரண்டாம் பக்கத்திலும் நான்கு, 28 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாட்டும் பாதியில் அறுபடவில்லை. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் வெறும் இரைச்சல் ஓடும். அதையும் நாங்கள் நிறுத்த மாட்டோம். இப்போது கேட்டது என்ன என்று யோசிப்பதற்கு அந்த இரைச்சல் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து அளவை இசைத்தட்டு தீர்மானித்தது. ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் திணித்தால் தட்டில் உள்ள கோடுகள் நெருங்கிவிடும். பேஸ் மெலியும், சத்தம் இறங்கும். 'மாஸ்டர்' அந்த எல்லையைத் தாண்டிய தட்டு. அப்படியும் அது 55 நிமிடம்தான். அதற்கு முந்தைய 'ரைடு த லைட்னிங்' 47. பிறகு சிடி வந்தது, கிட்டத்தட்ட 80 நிமிடம் இடம் கிடைத்தது. 1996-இல் வந்த 'லோடு' 78 நிமிடம் 59 வினாடி. சிடியில் அடங்காமல் போகவே கடைசிப் பாட்டான 'தி அவுட்லா டோர்ன்' ஒரு நிமிடம் குறைக்கப்பட்டது. வெட்டச் சொன்னது சிடியின் கொள்ளளவு, பாட்டின் தேவை அல்ல. எனக்கு அங்கேதான் கோளாறு தொடங்கியதாகப் படுகிறது. அதன்பின் 'ரீலோடு' 76, 'செயின்ட் ஆங்கர்' 75, 'டெத் மேக்னடிக்' 75-ஐ ஒட்டி, 'ஹார்டுவயர்டு' 77, இப்போது இது 77. பாடகர் லூ ரீடுடன் சேர்ந்து செய்ததையும் பிறர் பாடல்களைப் பாடிய தொகுப்பையும் விட்டுவிட்டால், 27 வருடத்தில் ஆறு ஆல்பம். ஆறும் வாளியை விளிம்பு வரை நிரப்பியவை. இன்று பெரும்பாலோர் போனில் கேட்கிறார்கள், அங்கே வாளியே கிடையாது. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

என் நோட்டில் கடைசியாக ஒரு கணக்கு போட்டேன். தலைப்புப் பாட்டு, 'ஷேடோஸ் ஃபாலோ', 'ஸ்க்ரீமிங் சூயிசைட்', 'லக்ஸ் எடெர்னா', 'டூ ஃபார் கான்', 'ரூம் ஆஃப் மிரர்ஸ்', 'இன்அமொராட்டா'. ஏழு பாட்டு, 44 நிமிடம். இந்த ஏழை மட்டும் அதே வரிசையில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். 44 நிமிடத்தில் ஒரு நல்ல மெட்டாலிகா ஆல்பம் கையில் இருக்கும். மிச்ச 33 நிமிடம்தான் என்னை ஏமாற்றியது.

கேள்வி: அதை வெட்டுவது தயாரிப்பாளரின் வேலை இல்லையா? இவ்வளவு பெரிய பேண்டுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா?

இருக்கிறார். கிரெக் ஃபிடல்மன், கைதேர்ந்த ஒலிப்பதிவாளர். ஆனால் ஆல்பத்தின் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவரோடு சேர்த்து, பாடிக்கொண்டே கிடார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச் பெயர்களும் இருக்கின்றன. பாட்டை எழுதியவர்களே வெட்டுகிற கத்தியையும் வைத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் தலைமுடியைக்கூட வெட்ட மனம் வராது, பாட்டையா வெட்டுவார்கள்?

1990-இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளர் வந்த கதையைச் சொன்னால் புரியும். பேண்டு முதலில் அவரை மிக்ஸிங் செய்ய, அதாவது பதிவான ஒலிகளைக் கலந்து சேர்க்க மட்டும்தான் கேட்டது. தயாரிப்பாளராகவே வருகிறேன் என்றார் அவர். அதுவரை ஆளுக்கொரு பகுதியாகத் தனித்தனியே பதிவு செய்துகொண்டிருந்தவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் இருக்கிறதே என்று கேட்டார். 'சேட் பட் ட்ரூ' ஒரு படி கீழே இறங்கியது அதனால்தான். இன்றைக்கும் அந்த ரிஃப் தரையிலிருந்து எழுந்து வருகிற மாதிரி இருக்கிறது அல்லவா? 'என்டர் சேண்ட்மேன்' பாட்டுக்கு ஹெட்ஃபீல்டு முதலில் எழுதிய வரிகள் தொட்டிலிலேயே திடீரென்று இறந்துபோகும் குழந்தையைப் பற்றியவை. இதைவிட நன்றாக உன்னால் எழுத முடியும் என்று ராக்கும் உல்ரிச்சும் சொன்னார்கள். ஹெட்ஃபீல்டுக்கு ஆத்திரம். இருந்தும் உட்கார்ந்து மாற்றி எழுதினார். ஆல்பத்தை மூன்று முறை மிக்ஸ் செய்தார்கள், செலவு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். இந்த ஆளோடு இனிமேல் வேலை செய்வதில்லை என்ற மனநிலையில்தான் பேண்டு ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. 1991-இல் வந்த அந்த ஆல்பம், அட்டையின் நிறத்தால் 'கறுப்பு ஆல்பம்' என்று பெயர் பெற்றது, அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்போது அவர்களுக்கு வயது 27, 28. யாரோ ஒருவர் குறுக்கே நின்று 'இது போதாது' என்று சொன்னால் சண்டை போடுவார்கள், ஆனால் காதில் வாங்குவார்கள். 40 வருடம் கொடிகட்டிப் பறந்த பிறகு அப்படிச் சொல்ல எவருக்கு நெஞ்சுரம் வரும்? பேண்டுக்கு வெளியிலிருந்து, அவர்களைக் கண்டு பயப்படாத ஒருவர் வேண்டும். அடுத்த ஆல்பத்துக்கு முன் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: எல்லோருக்கும் 60-ஐ ஒட்டிய வயது. அந்த வயதில் இப்படி வாசிப்பதே பெரிது. இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ஐயா, உங்கள் பரிவு எனக்குப் புரிகிறது. ஆனால் வயதின் மேல் பழி போட என்னால் முடியவில்லை. இந்த ஆல்பத்தில் வயது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆல்பம் வந்தபோது ஹெட்ஃபீல்டுக்கு 59. குரல் கட்டியாக, நிமிர்ந்து நிற்கிறது. கறுப்பு ஆல்பக் காலத்தில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, பிறகு ஆசிரியர் வைத்துப் பயிற்சி எடுத்த மனிதர் அவர். அந்த உழைப்பின் பலன் இப்போது கேட்கிறது. வலது கையின் வேகமும் அப்படியே இருக்கிறது. 'லக்ஸ் எடெர்னா' 3 நிமிடம் 22 வினாடிதான். அதைக் கேட்டுவிட்டு இவர்களுக்கு வயதாகிவிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

பிரிட்டிஷ் மெட்டல் பேண்டான ஜூடாஸ் பிரீஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் 'நாஸ்ட்ரடாமஸ்' என்று இரட்டை ஆல்பம், 100 நிமிடத்துக்கு மேல். அவர்களை உயிராக நேசிக்கிறவர்களே பாதியில் வைத்துவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பத்து வருடம் கழித்து, 2018 மார்ச்சில் 'ஃபயர்பவர்' வந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 66. கிடார் வாசிக்கும் கிளென் டிப்டனுக்கு பார்கின்சன் நோய் என்ற செய்தி ஆல்பம் வருவதற்கு முந்தின மாதம்தான் வெளியானது. அப்படிப்பட்ட நிலையில் 14 பாட்டு, 58 நிமிடம், இரும்பைக் காய்ச்சி அடித்த மாதிரி. இரண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம் என்பேன், அவ்வளவுதான். அமெரிக்கப் பட்டியலில் 5-ஆம் இடம். அதுவரை அவர்கள் தொடாத உயரம். அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் இருவர். ஒருவர் டாம் ஆலம், 1980-இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' செய்தவர். இன்னொருவர் ஆண்டி ஸ்நீப், அவர்களைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறைக்காரர். இருவருமே பேண்டுக்கு வெளியே இருந்து வந்தவர்கள்.

வெளியாள் வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பிளாக் சபாத் பேண்டின் '13' ஆல்பம் நினைவிருக்கிறதா? 2013 ஜூனில் வந்தது. கிடார் கலைஞர் டோனி அயோமி புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே வாசித்தார். பதின்ம வயதில் தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, தந்திகளைத் தளர்த்தி வாசித்து, ஒரு முழு இசை வகைக்கே கனத்தைக் கொடுத்தவர் அவர். அவர் பெயரைக் கேட்டாலே எனக்குள் ஒரு மரியாதை எழுந்து நிற்கும். எட்டே பாட்டு, நீளமும் அளவாகத்தான் இருந்தது. ஆனால் தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை உட்காரவைத்து 1970-இல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டி, இங்கே திரும்பிப் போங்கள் என்றார். அவர்களும் போனார்கள். விளைவு, முதல் பாட்டின் தொடக்கமே அந்தப் பழைய ஆல்பத்தின் முதல் பாட்டை நினைவூட்டுகிறது. டிரம்ஸில் பில் வார்டும் இல்லை. ஒப்பந்தம் ஒத்துவராமல் விலகியிருந்தார். அவர் கையில் இருந்த அந்த ஊஞ்சல் ஆட்டம் இல்லாமல் சபாத் எனக்குப் பாதிதான். பிரிட்டனில் 43 வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஆல்பம் அது. நான் இன்றுவரை நான்கைந்து முறைக்கு மேல் கேட்டதில்லை.

கேள்வி: 'செயின்ட் ஆங்கர்' அளவுக்கு மோசமா?

2003-இல் வந்த அந்த ஆல்பத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: கிடார் சோலோ, அதாவது கிடார் மட்டும் முன்னுக்கு வந்து தனித்துப் பேசும் இடம், ஒன்றுகூடக் கிடையாது. லார்ஸ் தன் ஸ்நேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிச் சுருளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால், ஒவ்வோர் அடியும் வெறும் பாத்திரத்தில் கரண்டியால் தட்டுவது போலக் கேட்கும். 75 நிமிடமும் அந்தப் பாத்திரம்தான்.

ஆனால் அந்த ஆல்பம் எரிந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து வந்தது. பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டட் 2001 ஜனவரியில் விலகிவிட்டார். ஹெட்ஃபீல்டு குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போய்விட்டார். பேண்டு நிலைக்குமா என்றே தெரியாத நேரம். பேஸ் வாசிக்க ஆளில்லாமல் பாப் ராக்கே வாசித்தார். முன்பு குறுக்கே நின்று போதாது என்றவர், இப்போது அவர்களோடு ஒருவராக அதே தீயில் நின்றுகொண்டிருந்தார். அதைக் கேட்பது எனக்குக் கஷ்டம், ஆனால் மறக்கவும் முடியாது. '72 சீசன்ஸ்' அதைவிட எவ்வளவோ நன்றாக வாசிக்கப்பட்ட, ஒழுங்கான ஆல்பம். இருந்தும் கேட்டு முடித்த ஒரு மணி நேரத்தில் ஐந்து பாட்டுகளின் மெட்டு எனக்கு நினைவில் இல்லை. எது மோசம் என்று கேட்டால் 'செயின்ட் ஆங்கர்' என்பேன். எது அதிகம் வருத்துகிறது என்று கேட்டால் என் பதில் வேறு.

கேள்வி: ஒலிப்பதிவு எப்படி? 'டெத் மேக்னடிக்' மாதிரி காது வலிக்குமா?

வலிக்காது. 2008-இல் வந்த 'டெத் மேக்னடிக்' பாட்டுகளாகப் பார்த்தால் நல்ல ஆல்பம், ஒலியில் கொன்றார்கள். மெதுவான இடம், சத்தமான இடம் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, கூரையில் முட்டி நசுங்கும்வரை ஏற்றிவிட்டார்கள். டிரம்ஸ் அடிக்கும்போது பின்னால் ஒரு கரகரப்பு. 'கிடார் ஹீரோ' என்ற விளையாட்டுக்காகக் கொடுத்த பதிப்பில் அந்த நசுக்கல் இல்லாததால், காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டில் பாட்டு தெளிவாகக் கேட்டது. மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்ட ஒலி வேலையைச் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று சொல்லும்படி ஆனது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு, மறுபடி மிக்ஸ் செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள்.

இந்த முறை சுத்தம். முக்கியமாக, ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் ஒவ்வொரு பாட்டிலும் தனியாகக் காதில் விழுகிறது. 1988-இல் வந்த நான்காவது ஆல்பத்தில் பாவம் நியூஸ்டட் வாசித்த பேஸ் இருக்கிற இடமே தெரியாது. அந்தக் குறை இங்கே இல்லை.

கேள்வி: கிடார் வாசிக்கும் கிர்க் ஹேமட்டின் சோலோக்கள்?

சோலோக்களை எழுதிவைத்துப் பழகாமல் அந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் கை பழகிய நாலு தெருவிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. கிடார் ஒலியைக் குரல் போல நெளியவைக்கும் வா-வா பெடல் மிதிபட்டுக்கொண்டே இருக்கிறது. 'ஃபேட் டு பிளாக்' பாட்டின் கடைசி சோலோவை நம்மில் எத்தனை பேர் வாயாலேயே பாடிக் காட்டுவோம்! இந்த ஆல்பத்தில் அப்படிப் பாடிக் காட்ட ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: மன்னிக்கவும், குறை ஆல்பத்தில் இல்லை, உங்களிடம். 15 வயதில் கேட்ட காது இப்போது உங்களுக்கு இல்லை. எனக்கு 19 வயது, இந்த ஆல்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.
— கல்லூரி மாணவர்

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். இந்தக் கடிதத்தைத்தான் மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன்.

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 'மாஸ்டர்' கேசட்டை நான் முதலில் கேட்டபோது எனக்கு 15. அண்ணன் தூங்கிய பிறகு டேப்ரிக்கார்டரைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, ஒலியை ஒன்றில் வைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டிக் கேட்பேன். எட்டுப் பாட்டில் ஏழின் பெயர் தெரியாது. கேசட் அட்டையில் அண்ணன் பென்சிலால் எழுதியது அழிந்துபோயிருந்தது. அப்போது என்னிடம் மொத்தம் இருந்தது அந்த ஒரு கேசட். அதை நூறு முறை கேட்டேன். '72 சீசன்ஸ்' ஆல்பத்தை நூறு முறை கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பாட்டு எனக்குள் வேர்விட்டிருக்கலாம். இதை மறுக்க மாட்டேன்.

ஆனால் காது செத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'ஃபயர்பவர்' வந்தபோதும் எனக்கு இந்த வயதை ஒட்டிய வயதுதான். அதை முதல் முறை கேட்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன். இந்த ஆல்பத்திலேயே ஒரு பாட்டு என்னை அப்படிப் பிடித்தது, அதைக் கடைசிப் பதிலில் சொல்கிறேன். உங்களுக்கு இது பிடித்திருக்கிறது என்றால் மனசார மகிழ்ச்சி. பத்து வருடம் கழித்து இதில் எந்தெந்தப் பாட்டு உங்களோடு இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

கேள்வி: தலைப்புக்கு என்ன பொருள்? வரிகள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்களே?

வருடத்துக்கு நான்கு பருவம் என்ற கணக்கில் 72 பருவம் என்றால் 18 வருடம். பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை நமக்குள் விழுந்ததைத்தான் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறோம், நீ இப்படிப்பட்டவன் என்று பெற்றோர் சொன்னதையே நம்பித் திரிகிறோம் என்பது ஹெட்ஃபீல்டு கொடுத்த விளக்கம்.

அவருடைய 72 பருவங்களைத் தெரிந்துகொண்டால் இது வெறும் தலைப்பாகத் தெரியாது. 13 வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். 16 வயதில் அம்மா புற்றுநோயில் இறந்தார். மருந்தை ஏற்காத மதப்பிரிவைச் சேர்ந்த குடும்பம், சிகிச்சை எடுக்கவில்லை. அந்தப் பையன் கிடாரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தான். 2019-இல், 56 வயதில், மறுபடியும் குடிக்கு எதிரான சிகிச்சைக்குப் போனார். பயணத்தை நிறுத்திவிட்டு, ரசிகர்களிடம் பேண்டு வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு புதுப் பாட்டுகளோடு வந்த முதல் ஆல்பம் இது. மறைத்து வைத்தால் கொல்லும் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று 'ஸ்க்ரீமிங் சூயிசைட்' பாட்டில் பாடுகிறார். 20 வயதில் உலகத்தின் மேல் இருந்த கோபம் இப்போது தன்னைத் திறந்து பார்க்கும் தைரியமாக மாறியிருக்கிறது.

ஆல்பத்தின் மேல் எனக்குள்ள வருத்தத்தில் பாதி இதனால்தான். சொல்ல இவ்வளவு இருக்கிற மனிதர் பாடும்போது, மூன்றாவது முறையாகத் திரும்பி வரும் ரிஃப் அவர் குரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 77 நிமிடத்தில் ஒரு மென்மையான பாட்டு கிடையாது. கடைசிப் பாட்டைத் தவிர இன்னும் ஓர் இடத்திலாவது கிடார்கள் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டிருந்தால்!

கேள்வி: வருமானம் கச்சேரியில்தான் என்கிறார்களே, அப்புறம் ஆல்பம் எதற்கு?

மேடையில் வாசிக்கப் புதுப் பாட்டு வேண்டும், அதற்குத்தான். 2023 ஏப்ரல் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பயணத்தில் ஊருக்கு இரண்டு இரவு, முதல் இரவு வாசித்த பாட்டு இரண்டாம் இரவில் கிடையாது. முன்பெல்லாம் ஆல்பத்தை விற்கப் பயணம் போவார்கள். இன்று பயணத்துக்கு ஒரு காரணமாக ஆல்பம் வருகிறது. காசுக்காக மட்டும் செய்கிறார்கள் என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அப்படி நான் நினைக்கவில்லை. காசுக்காக என்றால் 40 நிமிடத்தோடு நிறுத்தியிருப்பார்கள். இது ஆசை அதிகமாகி நீண்டுபோன ஆல்பம்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கிடார் கற்றுக்கொள்கிறாள். இந்த ஆல்பத்தில் எதை முதலில் கேட்கச் சொல்லட்டும்?

கடைசிப் பாட்டை. 'இன்அமொராட்டா', 11 நிமிடம் 10 வினாடி. இதுவரை அவர்கள் எழுதியதிலேயே நீளமான பாட்டு. நீளத்தைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன நான் இதில் ஒரு வினாடியைக்கூட வெட்ட விடமாட்டேன்.

காதலி என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. ஹெட்ஃபீல்டு துயரத்தையே காதலியாக்கிப் பாடுகிறார். விட்டுப் போகவும் முடியாமல், கூட வாழவும் முடியாமல். ரிஃப் கனமாக, அவசரமில்லாமல் நடக்கிறது. பாட்டு பாதியை நெருங்கும்போது கிடார்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன. ட்ருஹியோவின் பேஸ் தனியாக நிற்கிறது, டிரம்ஸ் கூடவே மெல்ல நடக்கிறது. அந்த இடத்துக்கு வந்தபோது நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதன்பின் கிடார்கள் கைகோத்துக்கொண்டு திரும்பி வருகின்றன.

அந்தப் பழைய கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக, பாடல் வரியே இல்லாத எட்டரை நிமிட இசை ஒன்று உண்டு. அதன் நடுவிலும் இப்படித்தான் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் பேசும். வாசித்தவர் கிளிஃப் பர்ட்டன். ஆல்பம் வந்த அதே வருடம், 1986 செப்டம்பர் 27 அன்று, ஸ்வீடனில் பேண்டின் பேருந்து கவிழ்ந்து இறந்துபோனார், வயது 24. அவருடைய இறுதிச் சடங்கில் அந்த இசையைத்தான் ஒலிக்கவிட்டார்கள். பெயர் அழிந்த அட்டையில் எனக்குப் பெயர் தெரிந்திருந்த ஒரே பாட்டு அதுதான், அண்ணன் சொல்லித் தெரியும்.

அண்ணனுக்கு இப்போது மெட்டல் கேட்க நேரமில்லை. இந்த ஆல்பத்திலிருந்து அந்த ஒரு பாட்டை மட்டும் அவருக்கு அனுப்பினேன், எதுவும் எழுதாமல். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "ஓரியன்" என்று ஒரே ஒரு சொல்.

மகளை நல்ல ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். பேஸ் தனியாக வரும் இடத்தில் யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.